மாமன்றம் திருத்திய கன்ட்ரி பாட்டு

லண்டன் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றில் ஆறு வருடம் ஓடிய ‘செம்மண் பட்டணம்’ என்ற கவ்பாய் தொடரில் செரீஃபாக, அதாவது பட்டணத்துக் காவல் அதிகாரியாக, நடித்தவர் சஞ்சயன். கதை அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்தில் நடந்தது. படப்பிடிப்பு லண்டனுக்கு வெளியே எசெக்ஸில், ஒரு குதிரைப் பண்ணைக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நடந்தது. அதனால் பாலைவனத்தில் அடிக்கடி மழை பெய்தது. தொடருக்கென்று இருந்த குதிரை ஒன்றுதான். டயனா என்று பெயர். இடப்பக்கமாகப் படம் பிடித்தால் அது செரீஃபின் குதிரை, வலப்பக்கமாகப் பிடித்தால் கொள்ளைக்காரனின் குதிரை. இருவரும் துரத்திக்கொள்ளும் காட்சிகளில் டயனா தன்னைத்தானே துரத்தியது.

இருந்தும் லண்டனில் ஹரோவிலிருந்து மனோர் பார்க் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொடர் இல்லாமல் பலருக்குச் சோறு இறங்கவில்லை. தொடர் நின்று வருடங்கள் ஆன பிறகும் சஞ்சயன் மரக்கறிக் கடைக்குப் போனால், “செரீஃப் அண்ணை, அந்தக் கத்தரிக்காய் முத்தல், எடுக்காதேங்கோ” என்று யாராவது காதோடு சொல்வார்கள். உண்மையில் அவர் ஸ்ட்ரெதமில் கார் ஓட்டப் படிப்பிக்கிறவர். அதுதான் அவருக்குச் சாப்பாடு போட்டது.

தொடர் முடிந்தபோது தொப்பியும் காலில் போட்ட சப்பாத்தும் அவரிடமே தங்கிவிட்டன. ஒரு கிட்டார் வாங்கினார். அமெரிக்கக் கவ்பாய்கள் பாடும் கன்ட்ரி பாட்டைத் தமிழில் எழுதத் தொடங்கினார். ஞாயிறு மத்தியானங்களில் ஸ்ட்ரெதமில் ஒரு பப்பில் பாட விட்டார்கள். வெள்ளைக்காரர்கள் நன்றாகக் கைதட்டினார்கள். ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கவில்லை. மூலை மேசையில் இருக்கும் ஒரு கிழவருக்கு மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணீர் வழிந்தது. சஞ்சயன் மனம் நெகிழ்ந்துபோய் ஒருநாள் அவரிடம் காரணம் கேட்டார். கண்ணில் ஆபரேஷன் செய்ததிலிருந்து இப்படித்தான் வடிகிறது என்றார் அவர்.

பாட்டுகளில் ஒன்று மற்றவற்றைப் போன்றதில்லை. அது அவர் மனைவி பிரசாந்தினி அவரை விட்டுப் போனதைப் பற்றியது. தொடர் ஓடிய காலத்தில் சஞ்சயன் வீட்டிலும் செரீஃபாகவே இருந்தார். இடுப்புப் பட்டியில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, “இந்த வீட்டில சட்டம் நான்தான்” என்பார். முதல் வருடம் பிரசாந்தினி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஆறாவது வருடம் உடுப்புப் பெட்டியோடு போய் மனோர் பார்க்கில் ஒரு மருந்துக்கடையில் வேலையும், மேல்மாடியில் ஓர் அறையும் எடுத்துக்கொண்டார். சஞ்சயனுக்கு விஷயம் விளங்க மேலும் இரண்டு வருடம் எடுத்தது. விளங்கியபோது, துப்பாக்கியைத் துவக்கு என்று சொல்லும் தன் ஊர்த் தமிழிலேயே இதை எழுதினார்:

துவக்கு உருவத் தெரிஞ்சவனுக்கு
மன்னிப்புக் கேக்கத் தெரியேல்லை
ஊர்ச் சண்டை தீர்த்து வைச்சவனுக்கு
வீட்டுக் கதவு திறக்கேல்லை

இந்தப் பாட்டை ஒரே ஒருமுறையாவது விளங்கக்கூடிய ஆட்களுக்கு முன்னால் பாட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை. அந்த ஆசைதான் அவரை ஐக்கிய இராச்சியத் தமிழிசைத் தராதர மாமன்றத்தின் வாசலுக்குக் கொண்டுபோனது.

லண்டன் மேடைகளில் எது தமிழிசை, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்வது மாமன்றத்தின் வேலை. அந்த அதிகாரத்தை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. ஆகையால் யாராலும் பறிக்கவும் முடியவில்லை. மாமன்றத்தில் ஒரு தலைவரும் ஏராளமான உபதலைவர்களும் இருந்தார்கள். சாதாரண உறுப்பினராக ஒருவர் இருந்தார். அவர் கனடாவுக்குப் போன பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை.

தலைவர் கிருஷ்ணராசாவே சஞ்சயனுக்குப் போன் எடுத்தார்.

“தம்பி செரீஃப், நீர் இப்ப நாட்டுப்பாடல் பாடுறீராம்.”

“கன்ட்ரி பாட்டு, அண்ணை.”

“அதைத்தான் நானும் தமிழில சொன்னனான். எங்கட ஆண்டுவிழாவில ஒண்டு பாடும். உம்மட பேரைப் போட்டா அரங்கு நிறையும். ஆனா அதுக்கு முதல் சபைக்கு முன்னால ஒருக்காப் பாடிக் காட்ட வேணும். சும்மா ஒரு சம்பிரதாயம்.”

மாமன்றத்தின் தலைமையகம் ஹரோவில், தலைவர் வீட்டுக் கார் கராஜில் இருந்தது. சுவரெல்லாம் தலைவர் பொன்னாடை பெறும் படங்கள். பெறுபவர் முழுதாகத் தெரிந்தார். வழங்குபவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன. படங்களுக்குக் கீழே தலைவரும், அவருக்கு இரு பக்கமும் வாய்ப்பாட்டு உபதலைவர் யோகேஸ்வரனும் மொழித்தூய்மை உபதலைவர் குணசுந்தரியும் அமர்ந்திருந்தார்கள். குணசுந்தரி மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

“நாட்டுப்பாடல் எண்டா எந்த நாடு?” என்று தொடங்கினார் யோகேஸ்வரன்.

“அமெரிக்காவில பாடுறது, அண்ணை.”

“அமெரிக்கா எங்கட நாடில்லை.”

“இல்லைத்தான்.”

“இந்த நாடும் எங்கட நாடில்லை எண்டு போன கூட்டத்தில தீர்மானம் போட்டிருக்கிறம்,” என்றார் தலைவர். அவர் மேசையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு புதுப்பிக்கும் கடதாசி பாதி நிரப்பியபடி கிடந்தது. “அப்ப எந்த நாடெண்டு போடுறது?”

மூவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசினார்கள். கடைசியில், ‘நாட்டுப்பாடல்: நாடு பின்னர் அறிவிக்கப்படும்’ என்ற புதிய பிரிவு உருவாக்கப்பட்டது. சஞ்சயன் அதில் முதலாவது கலைஞராகப் பதியப்பட்டார். அவருக்குக் கை கொடுத்தார்கள்.

பிறகு பாடச் சொன்னார்கள். முதலாம் அடியிலேயே தலைவர் கையை உயர்த்தினார்.

“துவக்கோ? யாற்றை துவக்கு?”

“செரீஃபின்ர துவக்கு, அண்ணை. விளையாட்டுத் துவக்கு.”

“எங்கட சபையில எல்லா இயக்க ஆக்களும் இருப்பினம், தம்பி. துவக்கு எண்டவுடன ஒவ்வொருத்தரும் தங்களைத்தான் சொல்லுறான் எண்டு நினைப்பினம். பிறகு கொத்துரொட்டி வாங்க ஆள் வராது.”

“வீணைன்னு மாத்திடலாம்,” என்றார் குணசுந்தரி. “மாத்திரை சரியா வருது.”

“வீணையை இடுப்பில இருந்து எப்பிடி அக்கா உருவுறது?”

“அது கவிதை லா, தம்பி. கவிதைல கேள்வி கேக்கக் கூடாது.”

அடுத்தது மன்னிப்பு. தமிழன் மன்னிப்புக் கேட்டதாக வரலாற்றில் எங்கும் இல்லை என்றார் யோகேஸ்வரன். போன வாரம் தன் காரை இடித்தவனிடம்கூடத் தானே போய்... என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ‘மன்னிப்புக் கேட்க’ என்பது ‘மண்டியிட’ என்று ஆனது. பாட்டு இப்போது வீணை உருவத் தெரிந்தவனுக்கு மண்டியிடத் தெரியவில்லை என்று நிமிர்ந்து நின்றது.

“இதில பெண்சாதி விட்டிட்டுப் போறா,” என்றார் தலைவர் முகத்தைச் சுளித்து. “அது பண்பாடில்லை.”

“அவ உண்மையிலயே போனவ, அண்ணை.”

“போயிருக்கலாம். மேடையில போகக் கூடாது.”

ஆகவே மனைவி கோயிலுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்துவிட வேண்டும் என்றும் முடிவானது. பிறகு மனைவி என்ற சொல்லே சபைக்கு ஒவ்வாது என்று குணசுந்தரி கருதியதால் அவர் தமிழன்னை ஆனார். தமிழன்னை திரும்பி வருவதென்றால் ஒரு வீடு வேண்டும். அந்த வீடு மாமன்றம் ஆனது. மாமன்றத்தின் வாசலில் யாராவது நின்று தமிழன்னையை வரவேற்க வேண்டாமா? தலைவர் மிகவும் கூச்சப்பட்டார். வேண்டாம் வேண்டாம் என்றார். தன் பெயரின் ‘ரா’வுக்கு எந்த எதுகை பொருந்தும் என்பதையும் அவரே சொன்னார்.

“நாங்கள் கலைஞன்ர சுதந்திரத்துக்கு எதிரான ஆக்கள் இல்லைத் தம்பி,” என்று வாசலில் வைத்துத் தோளைத் தட்டினார். “கலைஞன் என்ன வேணுமெண்டாலும் பாடலாம். எதை வேணுமெண்டு நாங்கள் சொல்லுறம். அவ்வளவுதான்.”

ஆறு வருடம் கொள்ளைக்காரர்களை நேருக்கு நேர் பார்த்து “நில்” என்று சொன்ன சஞ்சயனுக்கு, அந்த கராஜில் “ஏலாது” என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம், சரி என்றார். வீட்டுக்குப் போகும் ரயிலில், அன்று மைக் தன் கையில்தானே இருக்கும், அங்கே வைத்துத் தன் சொற்களையே பாடிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

விழா நெருங்கியபோது தலைவர் மறுபடி போன் எடுத்தார். டயனா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றதும், பிரதம விருந்தினரைக் குதிரையில் அழைத்து வருவது பண்டைய தமிழ் மரபு என்பது மாமன்றத்தின் ஆய்வில் தெரியவந்திருப்பதாகச் சொன்னார். சஞ்சயன் பண்ணைக்காரியிடம் கெஞ்சிக் கேட்டு டயனாவை வரவழைத்தார்.

விழா ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நோர்வேயிலிருந்து வந்த பிரதம விருந்தினர் கார்த் தரிப்பிடத்தில் நின்ற டயனாவைக் கண்டதும் தனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போனார். மரபு நின்றுபோகக் கூடாதே என்று தலைவர் தானே ஏறினார். ஏற்றுவதற்கு உபதலைவர்கள் எல்லோரும் தேவைப்பட்டார்கள். டயனாவுக்கு வயதாகிவிட்டது. அது ஓர் அடியும் நகரவில்லை. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை மெதுவாகத் தின்னத் தொடங்கியது. இறங்கவும் வழியில்லாததால் தலைவர் மைக்கைக் கொண்டுவரச் சொல்லி, வரவேற்புரையை அங்கேயே ஆற்றினார்.

“அன்பார்ந்த பெருமக்களே! இந்த உயரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் எமது சமூகம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. உங்களைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் துடிக்கிறேன். ஆனால் முதலில் யாராவது என்னைப் பிடியுங்கள்.”

நீண்ட கைதட்டல். பிடித்து இறக்கினார்கள்.

உள்ளே வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை, சிறப்புரைக்கான அறிமுக உரை, அறிமுகம் செய்தவரைப் பற்றிய உரை என்று நேரம் போனது. சிறுபிள்ளைகளின் நடனம் நேரமின்மையால் நீக்கப்பட்டது. சலங்கை கட்டிய பிள்ளைகள் தாய்மாரின் மடியில் நித்திரையானார்கள். அதன் பிறகு கௌரவிப்பு. விழா ஏற்பாடுகளில் எந்தப் பெயர் அடிபட்டதோ அந்தப் பெயருக்கெல்லாம் ஒரு பொன்னாடை என்பது மாமன்றத்தின் வழக்கம். யோகேஸ்வரன் தன் கம்பீரமான குரலில் வாசித்துக்கொண்டே போனார்.

“அடுத்து, மாமன்றத்தின் பாரத்தைத் தன் முதுகில் சுமந்த பெருமைக்குரிய... திருமதி டயனா அவர்கள்!”

யாரும் எழும்பவில்லை. மறுபடி வாசித்தார். மாமன்ற மேடையில் வாசித்த பெயரை மீளப் பெறுவது சட்டவிதிகளின்படி முடியாது என்று குணசுந்தரி அவர் காதில் சொன்னார். ஆகையால் தலைவரும் உபதலைவர்களும் படப்பிடிப்பாளரும் வரிசையாகக் கார்த் தரிப்பிடத்துக்குப் போய், டயனாவின் கழுத்தில் பொன்னாடையைப் போர்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வெளியே நல்ல குளிர். அன்று போர்த்தப்பட்ட பொன்னாடைகளில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

மேடைக்குப் பின்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்ற சஞ்சயனிடம் யோகேஸ்வரன் வந்தார்.

“தம்பி, உமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பாட்டை நான் ஸ்டூடியோவில பாடிப் பதிஞ்சிட்டன். ‘ழ’கரம் சுத்தமா வரவேணுமெல்லோ. நீர் வாயை அசைச்சாக் காணும். நீர் நடிகர்தானே.”

“அண்ணை, நான் பாட வந்தனான்.”

“அது எங்களுக்குத் தெரியும். அதாலதான் உம்மட கிட்டாரில கம்பியளைக் கழட்டி வைச்சிருக்கிறம்.”

சஞ்சயன் கிட்டாரைப் பார்த்தார். மரம் மட்டும் இருந்தது. திரை விலகியது. செரீஃப் என்றதும் மண்டபம் ஆர்ப்பரித்தது. விசில் பறந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது உயிரில்லாமல் இருந்தது. ஒலிபெருக்கியிலிருந்து மிருதங்கம், அதன் பின்னால் யோகேஸ்வரனின் குரல்.

வீணை உருவத் தெரிந்தவனுக்கு
மண்டியிடத் தெரியவில்லை...

சஞ்சயன் வாயைத் திறக்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, சபையை நேராகப் பார்த்தபடி நின்றார். கோபம் என்பதைவிட வெட்கம்தான் அதிகம். பாட்டு வந்துகொண்டே இருந்தது, வாய் மூடியே இருந்தது. முதலில் அவர் அடியைத் தவறவிட்டுவிட்டார் என்று சபை காத்திருந்தது. பிறகு பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது.

“வாயைத் திறவும்! வாயைத் திறவும்!” என்று திரைக்குப் பின்னால் இருந்து யோகேஸ்வரன் இரைந்தார். அவருடைய வாய் திறந்திருந்த அதே நேரத்தில் அவருடைய குரல் வேறொன்றைப் பாடியதைக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி அடியில் தன் பெயர் வந்ததும் கண் கலங்கி, எழும்பிச் சபைக்குத் திரும்பிக் கும்பிட்டார். பாட்டு முடிந்தது. உடனே மேடையேறி, மைக்குக்கு உயிர் கொடுக்கச் சொல்லி, தலைவர் உரையைத் தொடங்கினார். சபை ஒவ்வொருவராக எழுந்து பக்கத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்கு நழுவியது.

சஞ்சயனும் அங்கேதான் போனார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. கம்பியில்லாத கிட்டாரை ஒரு மூலையில் சாத்திவிட்டு வரிசையில் நின்றார். தட்டுகளில் ரோல்ஸ் பலகாரம் போட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

“செரீஃப், ஏன் வாய் திறக்கேல்லை? தொண்டை சரியில்லையோ?”

“அது என்ர பாட்டில்லை, அக்கா.”

“அப்ப உங்கட பாட்டு எது?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். கிட்டார் இல்லை, மைக் இல்லை. சஞ்சயன் மேசை விளிம்பில் விரலால் தட்டினார். தொப்பியைக் கழற்றி ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பாடத் தொடங்கினார். துவக்கு, துவக்காகவே வந்தது. யாரும் தங்களைச் சொல்கிறான் என்று நினைக்கவில்லை. மன்னிப்பு வந்தபோது ஒரு பெரியவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற தன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தார். பப்பில் ஒருநாளும் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது. சஞ்சயனின் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டார்.

கொட்டுற மழையில நனைஞ்சு போனாள்
கோடி கண்ணீரோட என்ர கண்மணி போனாள்

“நான் அழேல்லை.”

வரிசையின் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. பிரசாந்தினி நின்றிருந்தார். நடனம் நீக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி அவர் தங்கையின் மகள். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஒரு கையில் தன் தட்டு, மறு கையில் பிள்ளையின் தட்டு.

சஞ்சயனுக்குத் தாளம் நின்றது. “என்ன சொன்னனீர்?”

“அண்டைக்கு நான் அழேல்லை எண்டு சொல்லுறன். மழையும் இல்லை. நல்ல வெயில். பஸ்ஸில மேல்தட்டு முன் சீற்றில இருந்து சொக்கிளேற் சாப்பிட்டுக்கொண்டு போனனான்.” அவர் குரலில் சண்டை இருக்கவில்லை. மருந்துப் பெட்டியில் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்துகிறவர் போலச் சொன்னார். “அழுதது அதுக்கு முதல். குசினிக்குள்ள, அடுப்படியில நிண்டு, வருசக்கணக்கா. நீங்கள் அந்த நேரம் முன்னறையில கண்ணாடிக்கு முன்னால துவக்கு உருவிப் பழகிக்கொண்டிருந்தனீங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. ரோல்ஸ் போடும் அம்மா மட்டும், “அது சரி பிள்ளை,” என்று மெதுவாகச் சொன்னார்.

சஞ்சயன் தட்டிக்கொண்டிருந்த விரலை மேசையிலிருந்து எடுத்தார். பாட்டில் தன்னைத்தான் குற்றம் சொல்லியிருப்பதாக இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அவள் போன அன்று பெய்யாத மழையைப் பாட்டில் பெய்ய வைத்தது அவளுக்காக இல்லை, தனக்காகத்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

“அப்ப அதை மாத்திப் பாடட்டோ?”

“பாடுறதெண்டா உள்ளதைப் பாடுங்கோ.”

கதவைத் தள்ளிக்கொண்டு குணசுந்தரி வந்தார். “எல்லாரும் உள்ள வாங்க லா, தலைவர் பேசிட்டிருக்காரு, நாற்காலியெல்லாம் காலியா இருக்கு, வீடியோல விழுது,” என்றார். யாரும் அசையவில்லை. அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத் தலைவரின் குரல் பெரிதாக வந்தது: “கடல் போல் திரண்டிருக்கும் மக்களே! உங்கள் முகங்களில் நான் காணும் இந்த எழுச்சி...”

சஞ்சயன் விரலை மேசையில் வைத்தார். சொற்கள் தயங்கித் தயங்கி வந்தன.

குசினிக்குள்ள அழுதாள், எனக்குக் கேக்கேல்லை
வெயிலோட சிரிச்சுப் போனாள், நான் பாக்கேல்லை

எதுகை சரியில்லை என்று சொல்ல குணசுந்தரி வாயெடுத்தார். என்னவோ, சொல்லாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்.

“கேக்கேல்லை அண்ணை, பிலத்துப் பாடுங்கோ,” என்றார் பின்னால் ஒருவர். பக்கத்து மண்டபத்தில் எழுச்சி பற்றிய உரை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

பிரசாந்தினிக்கு இரண்டு கையிலும் தட்டு இருந்தது. முழங்கையால் கதவைச் சாத்தினார்.

“இப்ப பாடுங்கோ,” என்றார்.